பிளேனில் ஏற்றி அனுப்பியவை

விமானங்கள் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கிய முதல் நாளே, விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் ஞானமணி நகர் மூன்றாவது தெருவில் நான்கு சண்டைகள் நடந்தன. ஒன்று கணவன் மனைவிக்குள். ஒன்று அண்ணன் தம்பிக்குள். ஒன்று இஸ்திரிக்காரருக்கும், அவரிடம் பதினைந்து வருடமாகத் துணி கொடுத்துவரும் வாத்தியாருக்கும். நான்காவதைச் சண்டை என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. ஒருவர் பேசினார், மற்றவர் பதிலே சொல்லவில்லை. ஆனால் நான்கில் அதுதான் பெரிது, அது நடந்தது செண்பகவல்லியின் வீட்டில்.

அந்த அமைதியைச் செய்தவளே செண்பகவல்லிதான். கோவில்பட்டிப் பெண், ஒலியியல் படித்தவள். எட்டு வருடம் முன்பு தணிகைவேலைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கொடிக்குச் சற்று மேலே என்று சொல்லும்படியான உயரத்தில் ஒரு விமானம் போனது. கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியார் மரகதம் வந்து தூக்கிவிட்டு, பயப்படாதே, இது ஆறு இருபது, தினமும் வரும் என்று ஆறுதல் சொன்னார். தினமும் வரும் என்பது எப்படி ஆறுதலாகும் என்று செண்பகவல்லிக்குப் புரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள், இதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று.

பெங்களூரில் மௌனா என்று ஒரு சின்ன நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தபடியே நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். விமான இன்ஜினின் முகப்பில் சுழல்கிறதே பெரிய விசிறி, இறங்கும்போது காதைக் கிழிப்பது பெரும்பாலும் அதுதான். அந்த வாயைச் சுற்றி நாற்பது ஒலிவாங்கிகளையும் நாற்பது ஒலிபெருக்கிகளையும் பதித்தாள். விசிறி போடுகிற சத்தத்தை ஒலிவாங்கி கேட்கும், அதற்கு நேர் எதிரான சத்தத்தை ஒலிபெருக்கி போடும். மரகதம் ஒருநாள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே இதெல்லாம் எப்படி என்று கேட்டபோது, ஊஞ்சலை ஒருத்தர் முன்னால் தள்ளுகிற அதே நொடியில் இன்னொருத்தர் அதே பலத்தோடு பின்னால் தள்ளினால் ஊஞ்சல் அப்படியே நின்றுவிடுமல்லவா, அதுபோலத்தான் என்று விளக்கினாள்.

"அப்ப அந்தச் சத்தம் எங்கம்மா போகும்?"

"எங்கயும் போகாது அத்தை. ரெண்டு சத்தமும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"தின்னா ஜீரணமாகணுமே" என்றார் மரகதம். செண்பகவல்லி சிரித்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பினாள்.

தெருவுக்கு மேலாக வந்து ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கருவியைப் பொருத்தி மூன்று வாரம் சோதனை என்று ஏற்பாடாயிற்று. முடிவில் அந்தத் தெருக்காரர்கள் கூடி, இந்த அமைதி எங்களுக்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். குடியிருப்பவர்கள் ஒப்பாமல் அவர்கள் தலைக்கு மேலுள்ள சத்தத்தைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று 2043-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. கையெழுத்தெல்லாம் ஒரு சடங்கு என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள். அதற்காகவே தன் தெருவைத் தேர்ந்தெடுத்தாள். சத்தம் போகிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் ஆறு இருபது விமானம் வந்தது. குக்கர் கடைசியாக விடும் மூச்சைப்போல ஒரு சீறல், அவ்வளவுதான். மொட்டைமாடிகளில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். நலச்சங்கச் செயலாளர் இருதயராஜ் அவளுக்குக் கதராடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். எல்லாம் ஏழு பத்து வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஏழு பத்துக்கு வருவது கொஞ்சம் பெரிய விமானம். அது இருதயராஜ் வீட்டு மாமரத்தைத் தாண்டும் சமயத்தில், குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பிலோமினா வழக்கப்படி வாயைத் திறந்தார். இந்த மனுஷனுக்கு ஊர்க் குழாய் ஒழுகினால் மட்டும் கண் தெரியும், வீட்டுக் குழாய் மூணு மாசமாக ஒழுகுவது தெரியாது, செயலாளராம் செயலாளர் என்று தெளிவான குரலில் சொல்லி முடித்தார். பேப்பரோடு வாசலில் நின்றிருந்த இருதயராஜுக்கு அது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பிலோமினா திரும்பிப் பார்த்தார். தெருவும் திரும்பிப் பார்த்தது. அதே விமானத்தின் கீழேதான் இஸ்திரிக்காரரும் வாத்தியாரின் சட்டைக் காலரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தார். வாத்தியார் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

எட்டு நாற்பதுக்குச் செண்பகவல்லி சமையலறைக்குப் போனாள். மாமியார் ஏதாவது பாராட்டாகச் சொல்வார் என்று ஒரு ஆசை. மரகதம் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். ஜன்னலில் விமானத்தின் நிழல் ஓடியது. நிழல் பட்டதும் அவர் வாய் தானாகத் திறந்தது.

"எட்டு வருஷமாச்சு. இந்தப் பொண்ணு ஒரு நாள் எங்கூட உக்காந்து பேசினதில்ல. அந்த மெஷினுக்கு இருக்கற கொடுப்பினை எனக்கு இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பினார். செண்பகவல்லி நிலைப்படியில் நின்றிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதை அணைக்கவில்லை.

எட்டு வருடத்தில் அந்த மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தை தடித்துப் பேசிக்கொண்டதில்லை. தெருவே அதை ஆச்சரியமாகச் சொல்லும். செண்பகவல்லிக்கும் அதில் பெருமை. நமக்கு வாய்த்தது தங்கமான மாமியார் என்று கோவில்பட்டிக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்வாள். திட்டியிருந்தால்கூடக் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். இது திட்டு இல்லை, குறை. அதுவும் உண்மையான குறை. அதனால்தான் வலித்தது.

மெட்ரோ ரயிலில் கட்டுப்பாட்டு அறை வேலை பார்க்கும் தணிகைவேல் மாலையில் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். இதற்கா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்பதுபோல் பார்த்தான்.

"அதெல்லாம் மனசுல வச்சுக்காத. அது பிளேன்ல ஏத்தினது."

"என்னது?"

அவன் விளக்கினான். இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம். வயிற்றெரிச்சல், கோபம், சொன்னால் குடும்பம் இரண்டாகிவிடும் என்கிற பேச்சு எல்லாவற்றையும் விமானம் தலைக்கு மேல் வரும்வரை அடக்கிவைத்து, அந்த இருபது நொடியில் கொட்டிவிடுவார்கள். யார் காதிலும் விழாது. சொன்னவருக்கு மனசு லேசாகிவிடும். அதற்குப் பெயர்தான் பிளேனில் ஏற்றிவிடுவது. ஏற்றிவிட்டால் அது சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடும், அப்புறம் நம்முடையது இல்லை.

"இங்க வர்றதெல்லாம் இறங்கற பிளேன். அதுல எப்படி ஏத்துவீங்க?"

தணிகைவேல் யோசித்துப் பார்த்தான். நாற்பது வருடமாக இந்தக் கேள்வி தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. "அதெல்லாம் பழக்கம்" என்றான். பிறகு, "ஏன், நீ பண்ணதே இல்லையா?" என்று கேட்டான்.

செண்பகவல்லிக்குக் காது சூடாகியது. பண்ணியிருக்கிறாள். எட்டு வருடமாகப் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். விமானம் வந்தால் அவள் கண் தானாக வானத்துக்குப் போய்விடும், இன்ஜினின் சுருதியைக் காது பிடித்துக்கொள்ளும், வாய் பாட்டுக்கு எதையாவது முணுமுணுக்கும். அது தனக்கு மட்டும் உள்ள கள்ளத்தனம் என்று நினைத்திருந்தாள். ஊருக்கே உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாளில் பழகிவிடும் என்றாள் கணவனிடம். பழகவில்லை. நாற்பது வருடப் பழக்கம் மூன்று வாரத்தில் போகிற பழக்கமா? நிழல் விழுந்தால் வாய் திறந்தது. இருதயராஜ் தெருமுனைப் பலகையில், விமானம் கடக்கும்போது பொதுமக்கள் வாயை மூடிக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று எழுதிவைத்தார். அதைப் படித்துக்கொண்டிருந்த ஒருவர், படிக்கும்போதே விமானம் வந்துவிட, எழுதியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பின்னாலேயே நின்றார் இருதயராஜ். சிலர் வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்குள்ளேயே அடைந்தார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த அண்ணன் தம்பி கிணற்றுக்கு நடுவே தகரம் வைத்துத் தடுத்தார்கள்.

நல்லதும் நடக்காமல் இல்லை. எதிர் வீட்டில் பிறந்து இரண்டு மாதமான குழந்தை முதல் தடவையாக மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது. குழந்தை செத்துக்கித்துப் போய்விட்டதோ என்று அதன் தாய் பயந்து எழுப்பிப் பார்த்தாள். இரத்த அழுத்தக்காரர்களுக்கு மாத்திரை பாதியாகக் குறைந்தது. டியூஷன் டீச்சர் ஒரு கணக்கை ஒரே தடவையில் சொல்லி முடித்தார். இதையெல்லாம் செண்பகவல்லி குறித்துக்கொண்டாள். ஆனாலும் பதினெட்டாம் நாள் வரை, அறுபத்து நான்கு வீட்டில் ஒன்பது வீடுதான் கையெழுத்துப் போட்டிருந்தது.

வீட்டில்தான் அவளுக்குப் பெரிய சங்கடம். மரகதம் முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டார். முன்பெல்லாம் "ஏ செம்பா, சாப்டியா?" என்பவர், "சாப்புடறீங்களா? தட்டு வைக்கட்டுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். மாமியார் வாயிலிருந்து வரும் 'வாங்க போங்க' எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தும் என்பதை அதைக் கேட்ட மருமகள்களைத்தான் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதற்கு என்று சொல்லிக் கேட்பது? உட்கார்ந்து பேசலாம் என்று ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மரகதம் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டார்.

பெங்களூரிலிருந்து மேலதிகாரி கேசவமூர்த்தி கூப்பிட்டார். ஓசூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். தெரு வேண்டாமென்றால் திட்டத்தை மூட வேண்டியதுதான், நாலு வருட வேலை அலமாரிக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வசதியில்லாமல் போய்விட்டது சார் என்று செண்பகவல்லி எப்படிச் சொல்வாள்? எந்தப் பக்கம் நிற்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கருவி ஜெயித்தால் வீடு இப்படியே இருந்துவிடும். தோற்றால் அந்தக் குழந்தை மறுபடி தூங்காது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நலச்சங்கக் கட்டடத்தில். கேசவமூர்த்தி நேரில் வந்து மேடையில் உட்கார்ந்தார். அவருடைய உதவியாளர் நிவேதிதா கையெழுத்துத் தாள்களோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். செண்பகவல்லி வரைபடம் காட்டிப் பேசி முடித்ததும், ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேசவமூர்த்தி கேட்டார். ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. வெளியூர்க்காரரிடம் சொல்கிற விஷயமா அது? காக்கை வருவதில்லை என்றார் ஒருவர். சத்தமில்லாததால் மணி தெரியவில்லை, மாத்திரை போட மறந்துபோகிறது என்றார் இன்னொருவர். இட்லி மாவு புளிப்பதில்லை என்று ஒரு அம்மாள் சொன்னதைப் பலர் ஆமோதித்தார்கள்.

கேசவமூர்த்தி பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கடைசியில் நின்ற நிவேதிதாவைப் பார்த்து, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தார். இவங்களுக்கெல்லாம் பைத்தியமா என்பதுதான் அது. நிவேதிதாவுக்குப் புரியவில்லை, புருவத்தைச் சுருக்கினாள்.

"பைத்தியமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் மூன்றாவது வரிசையிலிருந்து பிலோமினா.

கேசவமூர்த்தி திடுக்கிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் சந்தேகத்தோடு, மறுபடி சத்தமே இல்லாமல், நமக்கு ராத்திரி ரயில் எத்தனை மணிக்கு என்று உதட்டை அசைத்தார்.

"அதை நாங்க எப்படி சார் சொல்றது, டிக்கெட்டைப் பாருங்க" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

மரகதம் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சார், இங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பிளேன். அது போகட்டும்னு காத்திருந்தா ஒரு வேலையும் ஆகாது. அதனால வாயைப் பாத்தே பேசிப் பழகிட்டோம். எங்க குழந்தைங்களுக்கு அம்மா அப்பான்னு சொல்ல வர்றதுக்கு முன்னாடி இது வந்துடும். யார் என்ன சொன்னாலும் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சாலும், பிளேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு இருந்துக்குவோம். அந்தச் சாக்கைத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க."

கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்வதற்கா இவ்வளவு இரைச்சல் வேண்டும் என்று கேசவமூர்த்தி கேட்டார்.

"ஆமா சார். ஒருத்தங்க குறையைச் சொல்லுவாங்க. இன்னொருத்தங்க அதைப் பாத்துட்டு, யாரும் சொல்லாத மாதிரியே திருத்திக்குவாங்க. ரெண்டு பேர்ல யாரும் தோத்துப்போக வேண்டியதில்ல."

முப்பது வருடமாகத் தெரியும் சார் என்று இருதயராஜும் எழுந்து சேர்ந்துகொண்டார். என்னைப் பற்றி என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பது எனக்கு அத்துப்படி, ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு இப்போதுதான் அதிகாரபூர்வமாகத் தெரிந்துவிட்டது, இனி அந்தக் குழாயை நான் எந்த முகத்தோடு சரிசெய்வது என்று வருத்தப்பட்டார்.

செண்பகவல்லிக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் எட்டு வருடத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த புதிதில், குளிக்க வெந்நீர் இல்லாத வீடு என்று விமானத்தின் கீழே முணுமுணுத்தாள், அடுத்த வாரம் ஹீட்டர் வந்தது. கதவைத் தட்டாமல் நுழைகிறார்களே என்று எரிச்சல்பட்டாள், மறுநாள் தச்சர் வந்து படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். சீரியல் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள், டி.வி. கூடத்திலிருந்து மாமியாரின் அறைக்குப் போனது. கருவாட்டு வாசனை என்றாள், அப்புறம் அந்த வீட்டில் கருவாடே இல்லை. மரகதத்துக்குக் கருவாடு உயிர். இதையெல்லாம் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள். சிலதைக் கணவன் செய்தான் என்று நினைத்திருந்தாள். மாமியார் எட்டு வருடமாக அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தத் தெருவில் காது கேளாதவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. ஒலியியல் படித்து என்ன பிரயோசனம் என்று வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மரகதம் இன்னும் உட்காரவில்லை. "ஆனா ஒண்ணு சார். எதிர் வீட்டுக் குழந்தை மூணு வாரமா தூங்குது. அதுவும் வேணும். எங்க செம்பா நாலு வருஷம் சோறு தண்ணி இல்லாம செஞ்சது. அவ வேலை வீணாப் போகக் கூடாது. அதனால ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் அதை அணைச்சு வைங்க. நாலுலேர்ந்து ஆறு. மிச்ச நேரமெல்லாம் நாங்க வாயை அடக்கிக்கறோம்."

சத்தத்துக்கு நேரம் ஒதுக்குவது என்பது கேசவமூர்த்தி கனவிலும் நினைக்காதது. ஒலியை ஒழிக்க நாலு வருடம், அதைத் திரும்ப வரவழைக்க ஒரு கால அட்டவணையா என்று முனகினார், இந்தத் தடவை வாயை மறைத்துக்கொண்டு. செய்ய முடியுமா என்று செண்பகவல்லியைக் கேட்டார். முடியும் என்றாள், ஒரு மணி நேர வேலை என்றாள். அறுபத்து நான்கு வீடும் கையெழுத்துப் போட்டது. மறுநாள் மாலை நாலு மணிக்கு முதல் இரைச்சல் வந்தபோது தெருவே மொட்டைமாடியில் நின்றது. ரயிலைத் தவறவிட்டு இருதயராஜ் வீட்டில் தங்கியிருந்த கேசவமூர்த்தியும் ஏறி நின்று, தன் நிறுவனத்தின் முதலீட்டாளர்களைப் பற்றிச் சில வார்த்தைகளை ஏற்றி அனுப்பினார். பத்து வயது குறைந்தமாதிரி இறங்கி வந்தார். அன்றைக்கே இருதயராஜின் வீட்டுக் குழாய் ஒழுகல் நின்றது.

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் செண்பகவல்லிக்கு இறுதி அறிக்கை ஒன்று பாக்கி இருந்தது. சோதனைக்கு முந்தைய சத்தம் எவ்வளவு என்று அதில் காட்ட வேண்டும். அதற்காக ஆறு மாதம் முன்பே தன் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் ஒலிவாங்கியைக் கட்டி வைத்திருந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தக் கோப்புகளைத் திறந்து, அளவுகளை எடுப்பதற்காக விசிறிச் சத்தத்தைக் கழித்தாள். கழித்தபின் என்ன மிஞ்சும் என்று யோசிக்காமலே கழித்தாள். முதல் கோப்பின் மூன்றாவது நொடியில் மாமியாரின் குரல் தெள்ளத்தெளிவாக, "இந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தது.

பதறிப்போய் நிறுத்தினாள். திரையில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆறு மாதத்தில் இந்த மாடியிலிருந்து பிளேனில் ஏறிய அத்தனையும் அதில் இருந்தது. உதட்டைப் படிக்கத் தெரியாத அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். கேட்டுவிடலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, மாடியில் காய்ந்த வடாத்தை எடுத்துக்கொண்டிருந்த மரகதத்திடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். நான் இன்னும் கேட்கவில்லை, நீங்கள் சொன்னால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றாள்.

மரகதம் கையிலிருந்த வடாத்தைத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"உன்னோடதும் அதுல இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப சரி. போடு. தனியா கேக்காத, இப்படி உக்காந்து எங்கூட கேளு."

இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள். முதல் பத்து நிமிடம் சங்கடமாக இருந்தது. மருமகள் குழம்பில் பெருங்காயத்தை அள்ளிக் கொட்டுவதைப் பற்றி மாமியார், மாமியார் காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் சேர்ப்பதைப் பற்றி மருமகள். அந்த டப்பா எண்ணிக்கை தவறு, அவ்வளவு இல்லை என்று மரகதம் ஆட்சேபம் சொன்னதும் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை. வடாத்தில் காக்கை வாயை வைத்தது, வைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நடுவில் ஒரு பதிவு வந்தது. மரகதம் கை நீட்டி நிறுத்தப் பார்த்தார், அதற்குள் ஓடிவிட்டது.

"என் மருமக மாதிரி இந்தத் தெருவுல எவளுக்கு அமைஞ்சிருக்கு. ஆகாசத்துல போறதையே சும்மா இருன்னு அடக்கப் போறா. நான் பெத்திருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

செண்பகவல்லி மாமியாரைப் பார்த்தாள். மரகதம் வடாம் தட்டைப் பார்த்தார். இதையும் ஏன் பிளேனில் ஏற்றினீர்கள் என்று கேட்டதற்கு, நேரே சொன்னால் கண் பட்டுவிடும் என்றார் கறாராக. செண்பகவல்லி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலு வருடமாக எந்தக் கருவியிலும் கிடைக்காத நிம்மதி அது. மரகதம் அவள் தலையைத் தள்ளவில்லை.

அப்போது தணிகைவேல் மாடிப்படி ஏறி வந்தான். அம்மாவும் மனைவியும் ஒட்டி உட்கார்ந்து சிரிப்பதைக் கண்டு அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. என்ன கேட்கிறீர்கள், எனக்கும் கொடுங்கள் என்றான். செண்பகவல்லி இயர்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். அடுத்த பதிவு ஓடியது. துணி உதறும் சத்தம், அதன் நடுவே அவனுடைய குரலே வந்தது.

"அம்மா போடற உப்புமாவும் சகிக்கல, இவ ஊத்தற அடையும் சகிக்கல. ரெண்டு பேரும் போட்டி போட்டுட்டுக் கட்டித் தர்றாங்க. ஆறு மாசமா ரெண்டு டப்பாவையும் பக்கத்து சீட்டுக்காரன்தான் தின்னுட்டிருக்கான். இவங்க ரெண்டு பேரும் ஒரு தடவையாவது சண்டை போட்டா நான் நிம்மதியா ஹோட்டல்ல சாப்பிடுவேன்."

பதிவு நின்றது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்கள்.

தணிகைவேல் வானத்தைப் பார்த்தான். அடுத்த விமானம் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.